மாதிரி நோயாளி

இந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள். உள்ளே வந்து நாற்காலியை எடுத்துப் போட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. சத்தம் வரக்கூடாது என்று இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். நாற்காலிக்கு வலிக்குமோ என்று பயப்படுகிறவள் மனுஷனிடம் எப்படிக் கேட்பாள். "வணக்கம் ஐயா, என் பேரு மோனிஷா, சமூகப்பணி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், உங்ககூடக் கொஞ்ச நேரம் பேசலாமா?" என்றாள். "பேசும்மா" என்றேன். எனக்கு வேறென்ன வேலை. தலையைக் குனிந்து, தோளைத் தொங்கப்போட்டு, கேட்டதற்கு மெதுவாகப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் இந்தக் கல்லூரியில் எனக்கு வேலை. மாதிரி நோயாளி என்று பெயர். இந்த அறைக்குள் நான் வைத்திலிங்கம் இல்லை, கோவிந்தசாமி. பெண்டாட்டி செத்துப்போனவன், மகன் திருப்பூரில் இருக்கிறான், ராத்திரி தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. செத்துப்போய்விடலாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருக்கிறவன், ஆனால் தானாக வாய்விட்டுச் சொல்லமாட்டான். கேட்டால்தான் சொல்வான், அதுவும் நேராகக் கேட்டால்தான். பாடம் நடத்துகிற ஹெப்சிபா மேடம் முதல் நாளே இதைத் திட்டமாகச் சொல்லிவிட்டார். "ஐயா, சுத்தி வளைச்சுக் கேட்டாங்கன்னா பிடிகொடுக்காதீங்க. செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா, தற்கொலை பண்ணிக்கத் தோணுதான்னு அந்த வார்த்தையச் சொல்லிக் கேட்டா மட்டும் 'ஆமா'ன்னு சொல்லுங்க. மத்த கேள்வியெல்லாம் ஒழுங்காக் கேட்டு இதை விட்டாங்கன்னா ஃபெயில்தான். நாளைக்கு நிஜ நோயாளிகிட்டப் போய் இதை விட்டா ஒரு உசுரே போயிடும்ல?" என்றார். போய்விடும் என்று என்னிடமே சொன்னார். ஆமாங்க மேடம் என்று தலையை ஆட்டினேன்.

மூலையில் ஒரு கேமரா இருக்கிறது. பக்கத்து அறையில் மேடமும் மற்ற பிள்ளைகளும் உட்கார்ந்து டிவியில் எங்களைப் பார்ப்பார்கள். படம் தெரியும், பேச்சு கேட்காது. மழைக்காலத்தில் மைக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஆபீசில் சொல்லியிருக்கிறோம், வந்துவிடும் என்கிறார்கள், அடுத்த மழையும் வரப்போகிறது. அதனால் ஒவ்வொரு பிள்ளை முடித்ததும் மேடம் கதவைத் திறந்து என்னிடம்தான் கேட்பார், "அந்தக் கேள்வி வந்துச்சா ஐயா?" என்று. வந்தது என்றால் பாஸ், வரவில்லை என்றால் ஃபெயில். நாலாவதோடு படிப்பை விட்டு மரவாடியில் கட்டை சுமந்தவன் வாயில் எம்.ஏ. படிக்கிறதுகளின் மார்க். நான் பொய் சொன்னதில்லை. சொல்லத் தேவையே வந்ததில்லை, அவர்களே கேட்காமல் போய்விடுவார்கள். மனசு எப்படி இருக்கு, தைரியமா இருக்கணும், தப்பா எதுவும் யோசிக்கக்கூடாது என்பார்கள். ஒரு பையன் போன வாரம் "மேல போயிடணும்னு ஏதாச்சும் தோணுதாய்யா?" என்று கேட்டான், "மாடிக்கா தம்பி?" என்றேன், அவனுக்கு முகம் வெளிறி, "இல்லய்யா விடுங்க" என்று அடுத்த கேள்விக்கு ஓடிவிட்டான். பெரிய மனுஷனைப் பார்த்துச் சாவு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று வளர்த்திருக்கிறார்கள். சிலதுகள் கேட்கத்தான் செய்யும். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, ரேஷன் கடையில் கார்டு இருக்கா என்று கேட்கிற குரலில் கேட்கும். அதற்கும் ஆமாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன், சட்டம் அப்படி. ஆனால் பெரும்பாலும் இல்லை. பெரும்பாலும் நான் "வரல மேடம்" என்றுதான் சொல்கிறேன். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும், வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி. காதில் குரல் கேட்கிறவளாக நடிக்கிற ரெஜினா கேண்டீனில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏண்ணே, நீங்க என்ன மாதிரி நோயாளியா மாதிரி எமனா? ஒரு பிள்ளையக்கூடக் கரையேத்த மாட்டேங்கிறீங்க." "நானா கேக்காதேங்கிறேன்?" என்றேன். "கேக்கலன்னதும் உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு வருது பாருங்க, அதைச் சொன்னேன்" என்றாள். அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியட்டும்.

"ராத்திரி தூக்கம் எப்படிங்க ஐயா இருக்கு?" வராதும்மா. "படுத்த உடனே வராதா, இல்ல நடுவுல முழிப்பு வந்துடுதா?" விடியக்காலம் முழிப்பு வந்துடும், அப்புறம் வராது. இது கோவிந்தசாமிக்கு எழுதிக் கொடுத்த பதில்தான், நான் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கவில்லை. என் பெண்டாட்டி செங்கமலம் அப்படித்தான் எழுந்து போய்விடுவாள். நான் புரண்டு படுக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்காது, கொல்லைக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பாள். குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் காலை நனைத்து, வாசல்வரை ஓடிவரும், அவள் குழாயை நிறுத்தமாட்டாள். "என்ன செங்கமலம்" என்றால் "ஒண்ணுமில்ல, குடம் நிரம்பட்டும்னு நிக்கிறேன்" என்பாள். காய்ச்சலா, இல்லை. எவளாவது ஏதாவது சொன்னாளா, இல்லை. குழம்பு வைத்தால் உப்பில்லை, உப்புப் போட்டால் புளியில்லை, அப்புறம் குழம்பே இல்லை. ஊசி போட வந்த நர்ஸம்மாதான் பார்த்துவிட்டு "ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மனசுக்குன்னு தனியா டாக்டர் இருக்காங்க" என்றது. மனசுக்கு என்ன டாக்டர் என்று எனக்குக் கோபம், ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். கூட்டிக்கொண்டு போகவில்லை என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லமுடியாது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெண் பேசும் என்றார்கள். சமூகப்பணி படித்த பெண், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தது, இந்த மோனிஷாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். "அய்யா நீங்க வெளிய இருங்க, அம்மாகிட்டத் தனியாப் பேசணும்" என்றது. கதவு கிடையாது, பச்சைத் திரைதான். காற்றாடி அடித்த காற்றில் திரை விலகி விலகி விழும், விலகினபோதெல்லாம் பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. மறுபடி விலகியது, எழுதிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை விலகியபோது மேசையில் இருந்த போனைத் திருப்பிப் பார்த்து ஏதோ சிரிப்பு சிரித்தது. எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், குடம் வழிந்தால் நிறுத்தத் தெரியாதவள், அவளை முன்னால் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிப்பு. வெளியே வந்து "கவலைப்படாதீங்க அய்யா, அம்மாகிட்ட நல்லாப் பேசியிருக்கேன், மாத்திரை எழுதுவாங்க" என்றது. மாத்திரை எழுதினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் "என்ன கேட்டுச்சு?" என்றேன். "சோறு, தூக்கம் எல்லாம் கேட்டுச்சு. நல்ல பொண்ணு" என்றாள் செங்கமலம். நல்ல பெண்ணாம். அந்த மாத்திரை அட்டையில் பாதி தீரும் முன்னால் செங்கமலம் போய்விட்டாள். எப்படிப் போனாள் என்பதை நான் யாருக்கும் சொல்கிறதில்லை. போலீஸ்காரன் கேட்டான், சொன்னேன், அதோடு சரி. பச்சைத் துணியைக் கண்டால் இப்போதும் எனக்கு வாயில் கசக்கிறது. ஊரில் துணிக்கடைக்குள்ளேயே போகிறதில்லை. கேட்கவில்லை அந்தப் பெண், அந்த ஒன்றைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செங்கமலம் சொல்லியிருப்பாள், சொல்லியிருந்தால் படுக்கை கொடுத்து உள்ளே வைத்துப் பார்த்திருப்பார்கள். ஏழு வருஷமாக இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் சாறு இருக்கிறது.

"சாப்பாடு எல்லாம் எப்படிய்யா?" இறங்கலம்மா. "முன்ன பிடிச்ச விஷயம் ஏதாவது, டிவி பாக்கறது, கோயிலுக்குப் போறது, அதெல்லாம்?" எதுலயும் மனசு போகல. சரியாகத்தான் கேட்கிறாள், வரிசை தப்பாமல் கேட்கிறாள், வழி தெரிந்த வண்டிமாடு மாதிரி போய்க்கொண்டே இருக்கிறாள், அந்தப் பள்ளம் வந்ததும் ஒதுங்கத்தான் போகிறாள். நெற்றியில் வேர்வை, கைக்குட்டையை எடுத்து ஒற்றினால் நாகரிகமாக இருக்காது என்று அப்படியே விட்டிருக்கிறாள். இவள் ஏற்கெனவே ஒருமுறை இதில் விழுந்தவள். போன பருவத்தில் என்னிடம் இல்லை, ரெஜினாவிடம். இந்தமுறையும் விழுந்தால் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள், ஒரு வருஷம் பின்னால் போய்விடும், அப்பா வீட்டோடு இருந்துவிடு என்று சொல்லியிருக்கிறாராம், மேடம் காலையில் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். எதற்குச் சொன்னார், பார்த்துச் செய்யுங்கள் என்றா. செங்கமலத்துக்கு யார் பார்த்துச் செய்தார்கள். நான் இந்த வேலைக்கு வந்ததே இதற்குத்தான். இங்கே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளே நோயாளியாக நடித்தால் சிரித்துவிடுகிறார்கள், வெளியாள் வேண்டும் என்று மேடம் வந்து கேட்டபோது, எந்தப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் என்று கேட்டேன், சொன்னார், உடனே வருகிறேன் என்றேன். மேல்மாடி நடையில் பழைய பிள்ளைகளின் குரூப் போட்டோ வரிசையாக மாட்டியிருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்தப் பெண் இல்லை. வேறு கல்லூரியாக இருக்கும், இருந்தால் என்ன, எல்லாம் ஒரே அச்சு. அங்கே ஒருத்தி தப்பித்துப் போய்விட்டாள், சம்பளம் வாங்குகிறாள், கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள். இங்கே ஒருத்தியாவது மாட்டிக்கொண்டு நிற்கட்டும்.

"ஐயா, மனசு ரொம்ப வெறுத்துப்போன மாதிரி இருக்குமா?" இருக்கும்மா. இதோ, பள்ளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டாள். "இனிமே என்ன இருக்குன்னு தோணுமா?" தோணும். இன்னும் கொஞ்சம் வா. "உங்க சம்சாரம் போனதுக்கப்புறம்…" என்று நிறுத்தினாள். எழுதுகிற கை நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வாய்க்குள் "வரல மேடம்" தயாராக உருண்டுகொண்டிருந்தது. அவள் பேனாவை மூடினாள். முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். காகிதத்தைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்தாள், இந்தத் தடவை தரையில் தேய்ந்து கிறீச்சென்று சத்தம் வந்தது, அவள் கவனிக்கவில்லை. "ஐயா, பெரியவங்ககிட்ட இப்படிக் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. என்னை ஒரு நிமிஷம் பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். "நீங்க செத்துப்போயிடணும்னு நினைக்கிறீங்களா? தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணியிருக்கா?" குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை எதையும் முழுங்கவில்லை. முகத்தைப் பார்த்து என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. இந்த அறையிலும் இல்லை, செங்கமலத்தை எடுத்துப்போன பிறகு வந்து உட்கார்ந்து எழுந்துபோன சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லை. கண் இரண்டும் என் மேலேயே இருந்தது, சின்னப் பிள்ளைக் கண், மூக்கின் பக்கத்தில் ஒரு பரு. ஆமாம் என்று சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை, மூன்று வருஷமாகச் சுவருக்குச் சொன்ன வார்த்தை. வாயைத் திறந்தேன். "சேச்சே, இல்லம்மா. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன் போலிருக்கிறது, கன்னம் இழுத்தது தெரிந்தது. எங்கிருந்து வந்தது அது. யோசித்து வரவில்லை, கேட்டு முடிப்பதற்குள் கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கையை எடுக்கிற மாதிரி வந்துவிட்டது. அவள் முகம் இருக்கிறதே, அது அப்படியே இளகிப்போனது. தோள் இறங்கியது, ஒரு மூச்சு விட்டாள், "சரிங்கய்யா, சந்தோஷம்" என்றாள். இல்லை என்ற பதிலைத்தான் அந்த முகம் முதலிலேயே கேட்டது, வாய் ஒன்றைக் கேட்டது, முகம் ஒன்றைக் கேட்டது, நான் முகத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன். யார் வீட்டுப் பிள்ளையோ, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் தலையில் போய் ஆமாம் என்று எப்படி இறக்கி வைப்பது. இவ்வளவு சுலபமா இது. இவ்வளவு சுலபமாக வருமா. செங்கமலத்துக்கு வராதா. எனக்கே வருகிறது, ஊரெல்லாம் பகை வைத்திருக்கிறவனுக்கு, அவளுக்கு வராதா. யார் வீட்டுக்குப் போனாலும், காலையிலிருந்து பட்டினி கிடந்தாலும், "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்று வயிற்றைத் தடவிக் காட்டுகிறவள். கால் வீங்கி நிற்கும்போது பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்துவிட்டு "எனக்கு நிக்கத்தான் பிடிக்கும்" என்கிறவள். அந்தப் பச்சைத் திரைக்குள் அந்தப் பெண் தலையைத் தூக்கியிருந்தால், தூக்கி இந்த மாதிரி ஒரு பார்வை பார்த்துக் கேட்டிருந்தால், செங்கமலம் என்ன சொல்லியிருப்பாள். நான் பார்த்தது திரை விலகின நேரம் மட்டும். விழுந்து கிடந்த நேரம் அதிகம். கேட்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்டிருக்காது, போனைப் பார்த்துச் சிரித்த பெண் எங்கே கேட்டிருக்கும். ஆனால் நல்ல பொண்ணு என்றாளே. சோறு தூக்கம் கேட்டதற்கா ஒருத்தியை நல்லவள் என்பாள். "பசி கொஞ்சமாவது எடுக்குதாய்யா?" என்று மோனிஷா கேட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்போதே கேட்டுவிட்டாய் அம்மா என்று சொல்லவில்லை. எடுக்கும்மா என்றேன். அதுவும் பொய். அதையும் நம்பினாள்.

மணி அடித்தது, மேடம் கதவைத் திறந்தார், பின்னால் நாலைந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "அந்தக் கேள்வி வந்துச்சா ஐயா?" மோனிஷா எழுந்து காகிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், என்னைப் பார்க்கவில்லை, பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். வரல என்று நான் சொன்னால் வரவில்லைதான். மைக் செத்துக் கிடக்கிறது, இந்தப் பிள்ளை கேட்டேன் கேட்டேன் என்று அழும், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் அழும், மேடம் என் வார்த்தையைத்தான் எடுப்பார். வரல என்று சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, பச்சைத் திரைக்குள்ளும் கேட்கவில்லை, எல்லாம் காலையில் இருந்தது போலவே இருக்கும். வந்துச்சு என்றால், ஆமாம் என்று சொன்னீர்களா என்பார். "ஐயா?" என்றார் மேடம். பின்னால் நின்ற பையன் ஒருத்தன், "அவ்வளவுதான், மோனிஷா காலி" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. "வந்துச்சு" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. "நேராவா?" "நேராத்தான். மூஞ்சியப் பார்த்துக் கேட்டுச்சு." "நல்லது. நீங்க ஆமான்னு சொன்னீங்கல்ல?" "இல்லன்னு சொன்னேன்." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்கய்யா இது, இத்தனை நாளாப் பண்றீங்க, மறந்துட்டீங்களா?" "மறக்கல." "பின்ன?" பின்ன என்ன என்று எனக்குத் தெரிந்தால்தானே. மேடம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார், கேள்வி ஒன்று அவர் வாய்வரை வந்து நின்ற மாதிரி இருந்தது, பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள், வெளியே இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள், கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி, அது ஐயா தப்பு, உன் மேல தப்பில்ல. நீ பாஸ்" என்று மோனிஷாவிடம் சொன்னார். "ஆனா அவர் இல்லன்னதுக்கப்புறம் நீ என்ன பண்ணின?" "பசி எடுக்குதான்னு கேட்டேன் மேடம்." "இல்லன்னு சொன்னா உடனே நம்பிடறதா? கொஞ்சம் விட்டுத் திரும்பக் கேக்கணும்மா" என்றார் மேடம். சரிங்க மேடம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் அந்தப் பெண், வாசல்வரை போனவள் திரும்பி ஓடிவந்து, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றாள். "போம்மா போ" என்றேன், விரட்டுகிற மாதிரித்தான் சொன்னேன்.

அடுத்த பையன் வருவதற்குள் தண்ணீர் குடித்தேன். திரும்பக் கேட்க வேண்டுமாம். அது சரி, அப்படியானால் திரும்பக் கேட்கவில்லை அந்தப் பச்சைத் திரைக்காரி, ஒருமுறை கேட்டிருந்தாலும் திரும்பக் கேட்கவில்லை, இல்லை என்றதும் நம்பிவிட்டாள். அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பிடி நிற்கவில்லை. இல்லை ஒண்ணுமில்ல என்று செங்கமலம் சொன்னதை நம்பினவர்களை எண்ணத் தொடங்கினால் வரிசை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, அது கொல்லைப்பக்கம் போகிறது, குழாயடிக்குப் போகிறது, போகட்டும், நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். நான் கூட்டிக்கொண்டு போனவன். ஜன்னல் ஓரம் உட்காரவைத்தவன். ஏழு வருஷமாக ஒருத்தி மேல் வைத்திருந்ததை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது. கதவு திறந்தது. நெட்டையான பையன், புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. "வணக்கம் ஐயா" என்றான். தலையைக் குனிந்துகொண்டேன், தோளை இறக்கினேன். இவன் கேட்கக்கூடாது என்று ஆசைப்பட்டேன். இத்தனை நாளும் இவர்கள் ஒருத்தரும் கேட்கக்கூடாது என்றுதான் ஆசைப்பட்டேன், அது புதிதில்லை. பயம்தான் புதிது.